பதிவுகளைக் காப்பது யார் பொறுப்பு? வட்டுக் கட்டுப்பாட்டு அட்டையும் தன்னைச் சரிபார்க்கும் கோப்பமைப்பும்

ஒரு நாள் பெய்த மழையை மறுநாள் அளக்க இயலாது. மழைமானியில் சேர்ந்த நீரை உரிய வேளையில் அளந்து குறித்துக்கொள்ள வேண்டும். தவறினால் அந்நாளின் கணக்கு என்றென்றைக்கும் இல்லாது போகும். கிணற்று நீர்மட்டம், ஆற்று வெள்ளத்தின் உயரம், மண் ஆய்வின் முடிவு, பயிர் அறுவடைச் சோதனை முதலிய பதிவுகளும் இத்தன்மையனவே. 1875-ஆம் ஆண்டில் இந்திய வானிலை ஆய்வுத்துறை நிறுவப்பட்ட பின் பல தலைமுறைகளாகக் காகிதப் பதிவேடுகளில் எழுதப்பட்டு வந்த இத்தகைய விவரங்கள், இன்று பெரும்பாலும் கணிப்பொறியின் வட்டுகளில் வைக்கப்படுகின்றன.

காகிதத்தைக் கரையான் அரித்தால் கண்ணுக்குத் தெரியும். வட்டில் உள்ள ஓர் எண் மாறிவிட்டால் அது பார்வைக்குப் புலப்படுவதில்லை. 35 என்று எழுதப்பட்டது 38 என்று திரும்பி வந்தாலும், படிப்பவர் அதை மெய்யென்றே கொள்வார். ஆகவே, வட்டுகளைத் தொகுத்துப் பாதுகாக்கும் முறைகளைப் பற்றிக் களப்பணியாளரும் ஆசிரியரும் ஓரளவு தெளிவாக அறிந்திருத்தல் அவசியமாகிறது. குறிப்பாக, வட்டுகளை ஆளும் வன்பொருள் அட்டையையும், அதே பொறுப்பைத் தானே மேற்கொள்ளும் மென்பொருள் கோப்பமைப்பையும் ஒருங்கே உபயோகிக்கும்போது எழும் சில சிக்கல்களை இக்கட்டுரை விளக்குகிறது.

வட்டுத் தொகுதிகளின் தோற்றம்

1988-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லிக் கிளையைச் சேர்ந்த டேவிட் பாட்டர்சன், கார்த் கிப்சன், ராண்டி கட்ஸ் என்னும் மூவர் ஓர் ஆய்வுக் கட்டுரையை வெளியிட்டனர். விலையுயர்ந்த பெரிய வட்டு ஒன்றுக்குப் பதிலாக விலை குறைந்த சிறு வட்டுகள் பலவற்றை ஒன்றுசேர்த்து, அவற்றில் ஒன்று பழுதானாலும் தகவல் அழியாதவாறு அமைக்கலாம் என்று அவர்கள் காட்டினர். இம்முறைக்கு 'ரெய்ட்' என்று பெயர் வழங்கலாயிற்று.

இதன் அடிப்படை எளியது. ஒரே தகவலை இரண்டு வட்டுகளில் எழுதி வைப்பது ஒரு வகை. இதனைக் கண்ணாடிப் பிரதி எனலாம். பல வட்டுகளில் தகவலைப் பகிர்ந்து எழுதி, அவற்றோடு 'பாரிட்டி' என்னும் ஈட்டுத் தகவலையும் கணக்கிட்டுச் சேர்த்து வைப்பது மற்றொரு வகை. வட்டு ஒன்று முற்றிலும் நின்றுவிட்டால், எஞ்சிய வட்டுகளையும் ஈட்டுத் தகவலையும் கொண்டு இழந்ததை மீண்டும் கணக்கிட்டுப் பெறலாம்.

அக்காலத்துக் கணிப்பொறிகளின் மையச் செயலகம் வேகம் குறைந்தது. ஈட்டுத் தகவலைக் கணக்கிடும் சுமையை அதன்மேல் ஏற்றினால் மற்ற வேலைகள் தாமதமாகும். ஆதலால் அப்பணிக்கென்றே தனியான செயலகமும் நினைவகமும் கொண்ட அட்டைகள் செய்யப்பட்டன. கடைவீதியில் 'ரெய்ட் கார்டு' என்று கேட்டு வாங்கப்படுவது இதுவே. எட்டு வட்டுகளை இதனுடன் இணைத்தாலும், அட்டை அவற்றை ஒரே பெரிய வட்டாகக் கணிப்பொறிக்குக் காட்டும். எந்தத் தகவல் எந்த வட்டில் உள்ளது என்பதை அட்டை மட்டுமே அறியும்.

ஓசையற்ற பிழை

வட்டு பழுதாவதில் இரண்டு வகை உண்டு. வட்டு முழுவதுமோ அதன் ஒரு பகுதியோ படிக்க முடியாமற் போய், அதை வட்டே ஒப்புக்கொள்வது முதல் வகை. இதற்கு ரெய்ட் முறை தக்க மருந்தாகும். இரண்டாவது வகையில் வட்டு எவ்வித முறையீடும் செய்வதில்லை. கேட்ட தகவலுக்குப் பதிலாகத் தவறான தகவலைக் கொடுத்துவிட்டு, எல்லாம் சரி என்று அறிவிக்கிறது. வட்டின் உள்ளே இயங்கும் ஃபர்ம்வேரில் உள்ள குறை, தளர்ந்த கம்பி இணைப்பு, அட்டையின் நினைவகக் கோளாறு, எழுத வேண்டிய இடத்தை விட்டு வேறிடத்தில் எழுதுதல், எழுதியதாகச் சொல்லி எழுதாமலே விடுதல் ஆகியவை இதற்குக் காரணங்களாம். இதனை ஓசையற்ற பிழை என்பது பொருந்தும்.

இது கற்பனையான அச்சமன்று. ஜினீவாவை அடுத்துள்ள செர்ன் என்னும் ஐரோப்பிய அணுக்கரு ஆராய்ச்சி நிலையம் 2007-ஆம் ஆண்டில் தன் சேமிப்பு வட்டுகளைச் சோதித்தது. 8.7 டெராபைட் அளவுள்ள 33,700 கோப்புகளைச் சரிபார்த்ததில் 22 கோப்புகள் மாறியிருந்தன. அதாவது ஏறக்குறைய 1,500 கோப்புகளுக்கு ஒன்று. 2008-ஆம் ஆண்டில் வெளியான மற்றோர் ஆய்வு 15 லட்சத்து 30 ஆயிரம் வட்டுகளை 41 மாதங்கள் கவனித்தது. அதில் 4 லட்சத்துக்கும் மேற்பட்ட பொருந்தாமைகள் பதிவாயின. அவற்றுள் 8 சதவீதம், பழுதான வட்டுக்குப் பதிலாக வேறு வட்டை வைத்துத் தகவலை மீட்டுக்கொண்டிருக்கும் வேளையில் கண்டுபிடிக்கப்பட்டவை. ஈட்டுத் தகவல் மிகவும் தேவைப்படும் அவ்வேளையில் பிழை தோன்றினால் இழப்பு நிரந்தரமாகக்கூடும்.

வகுப்பறையில் செய்து பார்க்கத்தக்க ஒரு கணக்கு

ரெய்ட் முறையின் வலிமையையும் அதன் எல்லையையும் ஆசிரியர்கள் ஒரு சிறு கணக்கினால் மாணவர்களுக்கு விளக்கலாம். நான்கு மாணவர்களை வரிசையாக நிறுத்துக. முதல் மூவர் முறையே 47, 35, 62 என்னும் எண்களை நினைவில் வைத்திருக்கட்டும். நான்காம் மாணவர் இவற்றின் கூட்டுத்தொகையாகிய 144 என்பதை வைத்திருக்கட்டும். இப்பொழுது இரண்டாம் மாணவரை வகுப்புக்கு வெளியே அனுப்பிவிடுக. 144-இலிருந்து 47-ஐயும் 62-ஐயும் கழித்தால் 35 கிடைக்கும். போனவருடைய எண் மீண்டுவிட்டது. கணிப்பொறியில் கூட்டலுக்குப் பதிலாக ஒற்றை, இரட்டை அடிப்படையில் அமைந்த வேறொரு கணக்கு நடைபெறும், தத்துவம் ஒன்றே.

அடுத்து, இரண்டாம் மாணவர் வகுப்பிலேயே இருந்துகொண்டு, 35 என்பதை மறந்து, 38 என்று உறுதியுடன் சொல்லட்டும். மூவர் எண்களையும் கூட்டினால் 147 வரும். நான்காம் மாணவரிடம் இருப்பதோ 144. எங்கோ பிழை இருக்கிறது என்பது தெரிகிறது. ஆனால் பிழை செய்தவர் யார்? நால்வருள் எவரும் தவறியிருக்கலாம். கூட்டுத்தொகை வைத்திருப்பவரே தவறியிருக்கவும் கூடும். இதைத் தீர்மானிக்க இக்கணக்கில் வழியில்லை.

இப்பொழுது ஆசிரியர் தம் குறிப்பேட்டில் ஒவ்வோர் எண்ணையும் 9-ஆல் வகுத்தால் வரும் மீதியைத் தனியே எழுதி வைத்திருப்பதாகக் கொள்வோம். 47-க்கு 2, 35-க்கு 8, 62-க்கு 8, 144-க்கு 0. இரண்டாம் மாணவர் 38 என்று சொன்னவுடன் அதன் மீதி 2 என்று கண்டு, குறிப்பேட்டில் உள்ள 8-உடன் ஒப்பிட்டுப் பார்த்தால், தவறியவர் அவரே என்பது வெளிப்படும். அவரை ஒதுக்கிவிட்டு, மற்ற மூவரைக் கொண்டு 35-ஐ மீட்டு, அவருக்கே திரும்பக் கற்பிக்கலாம்.

இங்கு ஒரு நுட்பத்தையும் மாணவர்க்கு எடுத்துக்காட்டுதல் நன்று. இரண்டாம் மாணவர் இலக்கங்களை முன்பின்னாக மாற்றி 53 என்று சொன்னால், அதற்கும் மீதி 8 தான், பிழை தப்பிவிடும். ஆகவே சரிபார்ப்புக் கணக்கு எவ்வளவு வலுவுடையதாக இருக்கிறதோ, அவ்வளவுக்கு அதன் தீர்ப்பு நம்பத்தக்கதாகும்.

இசட்.எஃப்.எஸ். செய்வது என்ன?

மேற்கண்ட ஆசிரியரின் குறிப்பேட்டுக்கு ஒப்பான ஏற்பாட்டைக் கொண்டதே இசட்.எஃப்.எஸ். என்னும் கோப்பமைப்பு. சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தில் ஜெஃப் பான்விக், மாத்யூ அரென்ஸ் ஆகியோர் 2001-ஆம் ஆண்டில் இதன் ஆக்கத்தைத் தொடங்கினர். 2005-ஆம் ஆண்டில் இதன் மூல நிரல் யாவருக்கும் வெளியிடப்பட்டது. 2013 முதல் ஓப்பன் இசட்.எஃப்.எஸ். என்னும் கூட்டு முயற்சியாக இது வளர்ந்து வருகிறது. லினக்ஸ், ஃபிரீ பி.எஸ்.டி. ஆகிய இயக்க அமைப்புகளில் இதனைக் கட்டணமின்றி உபயோகிக்கலாம்.

இக்கோப்பமைப்பு எழுதும் ஒவ்வொரு தகவல் கட்டத்துக்கும் ஒரு சரிபார்ப்புத் தொகையைக் கணக்கிடுகிறது. வழக்கமாக 'ஃபிளெட்சர்' என்னும் கணக்கும், வேண்டுமாயின் அதனினும் வலிய 'ஷா 256' என்னும் கணக்கும் உபயோகிக்கப்படும். இத்தொகை அக்கட்டத்திலேயே எழுதப்படுவதில்லை. அதைச் சுட்டிக்காட்டும் மேல்நிலைக் கட்டத்தில் எழுதப்படுகிறது. கணக்குப் பேரேட்டில் ஒரு பக்கத்தின் மொத்தத்தை அடுத்த பக்கத்தின் தலையில் எடுத்தெழுதும் வழக்கத்தை இது ஒக்கும். ஒரு பக்கத்தைக் கிழித்துவிட்டு வேறு பக்கத்தை ஒட்டினால், அடுத்த பக்கத்துத் தலைத்தொகை அதைக் காட்டிக்கொடுக்கும். அவ்வாறே, வட்டு ஒரு கட்டத்தை எழுதாமலே விட்டாலும், இடம் மாற்றி எழுதினாலும், மேல்நிலைக் கட்டத்தில் உள்ள தொகை அதனை வெளிப்படுத்திவிடும்.

இக்கோப்பமைப்பின் மற்றொரு சிறப்பு, பழைய தகவலின் மேல் எழுதாமையாகும். மாற்றம் செய்யும்போது புதிய தகவலை வெற்றிடத்தில் எழுதி, எல்லாம் எழுதி முடிந்த பின்னரே, தலைமைக் கட்டத்தைப் புதுப்பித்துப் புதிய நிலைக்கு மாறுகிறது. இடையில் மின்சாரம் நின்றாலும் பழைய நிலை கெடாமல் இருக்கும்.

மேலும், வட்டுகளைத் தொகுக்கும் வேலையையும் இது தானே செய்கிறது. கண்ணாடிப் பிரதியாகவோ, ஒரு வட்டு, இரண்டு வட்டுகள் அல்லது மூன்று வட்டுகள் பழுதானாலும் தாங்கும் ஈட்டுத் தொகுதியாகவோ அமைத்துக்கொள்ளலாம். 4 டெராபைட் கொண்ட ஆறு வட்டுகளை இரண்டு பழுதைத் தாங்கும் வகையில் அமைத்தால், ஏறக்குறைய 16 டெராபைட் இடம் உபயோகத்துக்குக் கிடைக்கும். ஒரு கட்டம் தவறாகப் படிக்கப்பட்டால், சரிபார்ப்புத் தொகையால் தவறியது எது என்று அறிந்து, மாற்றுப் பிரதியிலிருந்து சரியான தகவலைப் பெற்று, தவறிய வட்டிலும் அதைத் திரும்ப எழுதிவிடுகிறது.

இன்றைய மையச் செயலகங்கள் ஈட்டுத் தகவலை எளிதில் கணக்கிட்டுவிடுகின்றன. ஆகவே இவ்வேலைக்காகத் தனி அட்டை வேண்டும் என்னும் பழைய காரணம் இப்பொழுது பெரிதும் வலுவிழந்துவிட்டது.

ஒன்றன்மேல் ஒன்றாக அமைத்தால் நேர்வது

பல அலுவலகங்களில் சர்வர் வாங்கும்போதே அதனுள் ரெய்ட் அட்டை பொருத்தப்பட்டிருக்கும். அட்டை எட்டு வட்டுகளையும் ஒரே வட்டாகக் காட்ட, அதன்மேல் இசட்.எஃப்.எஸ். அமைக்கப்படுகிறது. இரண்டு காவல்கள் இருப்பதால் பாதுகாப்பும் இரட்டிப்பாகும் என்று எண்ணுவது இயல்பு. உண்மை அவ்வாறன்று.

இந்த ஏற்பாட்டில் பிழை நேர்ந்தால் சரிபார்ப்புத் தொகை பொருந்தாமையை இசட்.எஃப்.எஸ். கண்டுகொள்ளும். ஆனால் அதன் பார்வையில் இருப்பது ஒரே வட்டு. மாற்றுப் பிரதி அதன் கைவசம் இல்லை. மாற்றுப் பிரதியோ ஈட்டுத் தகவலோ அட்டையிடம் உள்ளது. அட்டைக்கோ சரிபார்ப்புத் தொகை தெரியாது. நோயை அறிந்தவரிடம் மருந்தில்லை. மருந்து வைத்திருப்பவருக்கு நோய் தெரியவில்லை. 'வேறு பிரதியைக் கொடு' என்று அட்டையைக் கேட்பதற்கு வழியும் இல்லை. எனவே இசட்.எஃப்.எஸ். அக்கோப்பின் பெயரைக் குறிப்பிட்டுப் பிழை அறிவிப்பதோடு நின்றுவிடும்.

அட்டை தானாகவே கால முறையில் சோதனை செய்வதுண்டு. அச்சோதனையில் தகவலும் பாரிட்டியும் பொருந்தாவிட்டால், தகவலே சரியென்று கொண்டு, பாரிட்டியைப் புதிதாகக் கணக்கிட்டு எழுதுவது பெரும்பாலான அட்டைகளின் வழக்கம். வகுப்பறைக் கணக்கில், 147 என்று கூட்டுத்தொகையை மாற்றி எழுதிவிடுவதற்கு இது சமம். அதன்பின் 35-ஐ மீட்கும் வாய்ப்பே இல்லாது போகிறது.

இதனால் ரெய்ட் அட்டையின் மேல் இசட்.எஃப்.எஸ். அமைத்தால் தகவல் உடனே அழிந்துவிடும் என்று கொள்ளுதலும் தவறாகும். மற்றக் கோப்பமைப்புகளுக்கு அந்த அட்டை அளிக்கும் பாதுகாப்பு இதற்கும் உண்டு. அத்துடன் பிழையைக் கண்டறியும் ஆற்றலும் சேர்கிறது. தன்னுடைய உள்நிலைக் குறிப்புகளை இசட்.எஃப்.எஸ். ஒன்றுக்கு மேற்பட்ட பிரதிகளாக எழுதுவதால், அவற்றில் நேரும் சிறு பிழைகளையும் திருத்திக்கொள்ளும். இழக்கப்படுவது, கோப்புகளின் தகவலைத் தானே செப்பனிடும் ஆற்றலே. அந்த ஆற்றலுக்காகவே பெரும்பாலோர் இக்கோப்பமைப்பைத் தேர்ந்தெடுக்கின்றனர் என்பது கவனிக்கத்தக்கது.

இடைநினைவகமும் மின்தடையும்

அட்டையில் உள்ள இடைநினைவகம் மற்றொரு கவனத்துக்குரிய பொருள். கணிப்பொறி எழுதச் சொன்ன தகவலை அட்டை முதலில் தன் நினைவகத்தில் வாங்கிக்கொண்டு, 'எழுதியாயிற்று' என்று உடனே அறிவித்துவிட்டு, பின்னர் வசதிப்படி வட்டில் எழுதும் முறை ஒன்று உண்டு. இதனால் வேகம் கூடும். ஆனால் அறிவிப்புக்கும் மெய்யாக எழுதுவதற்கும் இடையே மின்சாரம் நின்றால், நினைவகத்தில் இருந்தது மறைந்துவிடும். இதைத் தடுக்கவே நல்ல அட்டைகளில் மின்கலம் ஒன்று வைக்கப்படுகிறது. அது குறிப்பிட்ட காலம் நினைவகத்தைத் தாங்கும். பிற்காலத்து அட்டைகளில் மின்தேக்கியும் ஃபிளாஷ் நினைவகமும் சேர்ந்து இவ்வேலையைச் செய்கின்றன.

இசட்.எஃப்.எஸ். தலைமைக் கட்டத்தை மாற்றுவதற்கு முன், 'இதுவரை அனுப்பியதை வட்டில் எழுதி முடி' என்று கட்டளை இடுகிறது. அதன் பாதுகாப்பு முழுவதும் இந்த வரிசைமுறையைப் பொறுத்தது. மின்கலம் இல்லாத அல்லது மின்கலம் செத்துப்போன அட்டை இக்கட்டளைக்குப் பொய்யாக இணங்கி, வரிசையை மாற்றி எழுதி, இடையில் மின்சாரமும் நின்றால், தலைமைக் கட்டம் இன்னும் எழுதப்படாத தகவலைச் சுட்டிக்கொண்டிருக்கும். அந்நிலையில் வட்டுத் தொகுதி முழுவதையும் திறக்க இயலாமற் போகவும் கூடும்.

அட்டையின் மின்கலம் சில ஆண்டுகளில் வலுவிழப்பது இயல்பு. அதை மாற்றும் பொறுப்பு பல இடங்களில் எவருடைய பட்டியலிலும் இருப்பதில்லை. அடிக்கடி மின்தடை ஏற்படும் ஊர்களில் இது பேரிழப்புக்கு இடந்தரும்.

அட்டையின் இடைநினைவகத்தால் கிடைக்கும் வேகத்தை வேறு வழியிலும் பெறலாம். படிக்கும் தகவலுக்கு இசட்.எஃப்.எஸ். கணிப்பொறியின் முதன்மை நினைவகத்தையே இடைநினைவகமாக உபயோகிக்கிறது. உடனே வட்டில் சேர வேண்டிய எழுத்துகளுக்கு, மின்தடையைத் தாங்கும் அமைப்புள்ள சிறு எஸ்.எஸ்.டி. ஒன்றைப் பதிவு வட்டாகத் தனியே சேர்க்கலாம். தகவல் தளங்களும் வலைவழிக் கோப்புப் பகிர்வும் நடைபெறும் இடங்களில் மட்டுமே இது பெரிதும் பயன்படும். சாதாரணமாகக் கோப்புகளைச் சேர்த்து வைக்கும் அலுவலகத்துக்கு இது தேவையில்லை.

ஒற்றை வட்டு ரெய்ட் என்னும் இடைவழி

சில அட்டைகள் வட்டுகளைத் தனித்தனியே கணிப்பொறிக்குக் காட்ட மறுக்கும். அத்தகைய அட்டைகளில் ஒவ்வொரு வட்டையும் 'ஒரே வட்டு கொண்ட ரெய்ட் 0' என்று அறிவித்து, அவற்றை இசட்.எஃப்.எஸ். தொகுக்குமாறு செய்வர். மாற்றுப் பிரதி இதனால் கோப்பமைப்பின் கைக்கு வருகிறது. தானே செப்பனிடும் ஆற்றலும் கிடைக்கிறது. எனினும் சில குறைகள் எஞ்சும்.

முதலாவதாக, அட்டை தன் குறிப்புகளை வட்டில் எழுதி வைக்கும். அட்டை பழுதானால், வட்டுகளை வேறு வகை அட்டையில் மாட்டிப் படிக்க முடியும் என்பதற்கு உறுதியில்லை. அதே வகை அட்டையைத் தேடி அலைய நேரிடும். இரண்டாவதாக, வட்டு தன் உடல்நிலையைத் தானே அறிவிக்கும் 'ஸ்மார்ட்' விவரங்களைச் சில அட்டைகள் மறைத்துவிடும். மூன்றாவதாக, பழுதான வட்டை எடுத்துவிட்டுப் புதியதை வைத்தால், அட்டையின் தனி நிரலில் புகுந்து மீண்டும் ஒற்றை வட்டுத் தொகுதியை உண்டாக்க வேண்டியிருக்கும். சில வேளைகளில் சர்வரையே நிறுத்தவும் நேரும். நான்காவதாக, இடைநினைவகச் சிக்கல் அப்படியே இருக்கும்.

காத்திருக்கும் நேரம்

வட்டில் ஓர் இடம் படிக்க முடியாமற் போனால், மேசைக் கணிப்பொறிக்கென்று செய்யப்பட்ட சாதாரண வட்டு அதை மீண்டும் மீண்டும் படிக்க முயலும். இம்முயற்சி ஒரு நிமிடத்துக்கு மேலும் நீடிக்கலாம். ரெய்ட் அட்டைகளோ பல வினாடிகள் மட்டுமே பொறுத்திருந்து, விடை வராவிட்டால் அந்த வட்டு முழுவதையும் பழுதென்று தள்ளிவிடும். ரெய்ட் தொகுதிக்கென்று செய்யப்படும் வட்டுகள் ஏறக்குறைய 7 வினாடிகளில் முயற்சியை நிறுத்தி விடையளிப்பது இதனாலேயே. சாதாரண வட்டுகளை ரெய்ட் அட்டையில் மாட்டினால், ஒரே ஒரு கெட்ட இடத்துக்காக நல்ல வட்டு ஒன்று தள்ளப்படலாம். அதை ஈடு செய்யும் வேலை நடக்கையில் மற்றொன்றும் தள்ளப்பட்டால், தொகுதியே போய்விடும்.

சாதாரண வட்டுகளில் 10-இன் 14-ஆம் அடுக்கு பிட்டுகளைப் படிப்பதற்குள் ஒரு முறை படிக்க முடியாத இடம் நேரலாம் என்று தயாரிப்பாளர்கள் குறிப்பிடுவது வழக்கம். இது 12.5 டெராபைட் அளவாகும். இன்றைய வட்டுத் தொகுதிகளின் அளவை நோக்கினால் இது பெரிய எண்ணன்று. பழுதான வட்டுக்கு ஈடு செய்யும்போது அட்டை எல்லா வட்டுகளையும் முதலிலிருந்து கடைசிவரை, வெற்றிடம் உட்படப் படிக்கும். இசட்.எஃப்.எஸ். தகவல் உள்ள இடங்களை மட்டுமே படிக்கும். அவ்வாறு படிக்கையில் ஓரிடம் தேறாவிட்டாலும், அது எந்தக் கோப்பைச் சேர்ந்தது என்று பெயரோடு அறிவித்துவிட்டு மற்றவற்றைத் தொடர்ந்து மீட்கும். அந்த ஒரு கோப்பைக் காப்புப் பிரதியிலிருந்தோ, காகிதப் பதிவேட்டிலிருந்தோ மறுபடியும் சேர்த்துக்கொள்ளலாம்.

எத்தகைய இணைப்பு ஏற்றது?

மேற்கூறியவற்றிலிருந்து பெறப்படும் முடிவு யாதெனில், இசட்.எஃப்.எஸ். உபயோகிக்கும் இடங்களில் வட்டுகள் இடைத்தரகர் இன்றி நேராக அதற்குத் தெரிய வேண்டும் என்பதாகும். நான்கு அல்லது ஆறு வட்டுகள் கொண்ட சிறு சர்வருக்கு, தாய்ப்பலகையில் உள்ள சாட்டா இணைப்புகளே பெரும்பாலும் போதும். அதற்கு மேற்பட்டால் 'எச்.பி.ஏ.' என்னும் வெறும் இணைப்பு அட்டையை வாங்கலாம். இது வட்டுகளை ஒன்றுசேர்ப்பதில்லை. ஒவ்வொன்றையும் உள்ளபடியே காட்டும். பெரும்பாலும் ரெய்ட் அட்டையைக் காட்டிலும் விலையும் குறைவு.

ஒரே சில்லைக் கொண்ட அட்டை, அதில் ஏற்றப்படும் ஃபர்ம்வேரைப் பொறுத்து, ரெய்ட் அட்டையாகவோ வெறும் இணைப்பு அட்டையாகவோ இயங்குவதுண்டு. எல்.எஸ்.ஐ. நிறுவனத்தின் எஸ்.ஏ.எஸ். 2008 என்னும் சில்லு இதற்குத் தக்க உதாரணம். அதனைக் கொண்ட ஐ.பி.எம். எம்1015 முதலிய அட்டைகளில் 'ஐ.டி. முறை' எனப்படும் ஃபர்ம்வேரை ஏற்றி, வெறும் இணைப்பு அட்டையாகப் பலர் உபயோகித்து வந்துள்ளனர். ஆனால் ஃபர்ம்வேரை மாற்றும் வேலையில் தவறு நேர்ந்தால் அட்டையே பயனற்றுப் போகலாம், உத்தரவாதமும் நீங்கலாம். ஆகவே அனுபவம் உள்ளவரைக் கொண்டே, தகவல் ஏதும் இல்லாத நிலையில், அதைச் செய்தல் வேண்டும். புதிய ரெய்ட் அட்டைகள் சிலவற்றில் இதற்கெனத் தனி அமைப்பு முறை உண்டு. அதைத் தேர்ந்தெடுத்தாலே போதும்.

ஏற்கெனவே ரெய்ட் தொகுதியில் தகவல் உள்ள வட்டுகளை அப்படியே வேறு முறைக்கு மாற்ற இயலாது. முதலில் தகவல் முழுவதையும் வேறிடத்தில் படியெடுத்து, அப்படி சரியாக உள்ளதா என்று சோதித்த பின்னரே மாற்றத்தைத் தொடங்க வேண்டும்.

அட்டையை மாற்ற இயலாத இடங்களில்

நிதி வசதி இன்மையால் உள்ள அட்டையையே வைத்துக்கொள்ள வேண்டிய அலுவலகங்களும் உண்டு. அங்கு மூன்று வழிகள் திறந்துள்ளன. ஒற்றை வட்டு ரெய்ட் முறையைக் கையாண்டு, மின்கலம் நல்ல நிலையில் இல்லையாயின் இடைநினைவகத்தில் எழுதுவதை நிறுத்தி வைக்கலாம். அல்லது, அட்டையில் இரண்டு தொகுதிகளை அமைத்து அவற்றை இசட்.எஃப்.எஸ். கண்ணாடிப் பிரதியாக இணைக்குமாறு செய்யலாம். இதற்கு வட்டுகள் அதிகம் தேவை. அதுவும் இயலாவிட்டால், முக்கியமான பதிவுகள் உள்ள பகுதிக்கு மட்டும் 'இரண்டு பிரதி' எழுதுமாறு கோப்பமைப்பை அமைக்கலாம். இதனால் அப்பகுதிக்கு இரு மடங்கு இடம் செலவாகும். ஆயினும் சிறு பிழைகளைத் திருத்தும் ஆற்றல் கிடைக்கும். தொகுதியே அழிந்தால் இது உதவாது.

களப்பணியாளர் கவனிக்க வேண்டியவை

1. சர்வர் வாங்கும் குறிப்பில், வட்டுகள் தனித்தனியே இயக்க அமைப்புக்குத் தெரிய வேண்டும் என்பதை நிபந்தனையாக எழுதுக. வந்து சேர்ந்தவுடன் வட்டுகளின் எண்ணிக்கையும் தொடர் எண்களும் கணிப்பொறியில் தெரிகின்றனவா என்று பார்க்க.

2. ஒவ்வொரு வட்டின் தொடர் எண்ணையும், அது பொருத்தப்பட்ட இடத்தையும் சர்வரின் வெளிப்புறத்தில் எழுதி ஒட்டுக. பழுதான வட்டுக்குப் பதிலாக நல்ல வட்டை உருவிவிடும் தவறு இதனால் தவிர்க்கப்படும்.

3. மாதம் ஒருமுறை 'ஸ்கிரப்' என்னும் முழுச் சோதனையை நடத்துக. இது எல்லாத் தகவலையும் படித்துச் சரிபார்த்து, பிழையிருந்தால் திருத்தும். பல ஆண்டுகளாக எவரும் திறவாத கோப்புகளில் பிழை ஒளிந்திருப்பதை வேறு வழியில் அறிய முடியாது.

4. சோதனை முடிந்ததும் 'ஸீபூல் ஸ்டேட்டஸ்' என்னும் ஆணையைக் கொடுத்து, சரிபார்ப்புப் பிழைகளின் எண்ணிக்கையைப் பதிவேட்டில் குறித்து வைக்க. ஒரே வட்டில் எண்ணிக்கை ஏறி வந்தால் முதலில் கம்பி இணைப்பைப் பார்க்க. அதன் பின்னரும் ஏறினால் வட்டை மாற்றுக. பல வட்டுகளில் ஒருசேரப் பிழை தோன்றினால் அட்டை, நினைவகம், மின்வழங்கி ஆகியவற்றைச் சந்தேகிக்க வேண்டும்.

5. ரெய்ட் அட்டை உள்ள இடங்களில் அதன் மின்கலத்தின் நிலையை மூன்று மாதங்களுக்கு ஒருமுறை பார்த்துக் குறிக்க. யு.பி.எஸ். இருப்பது மின்கலத்துக்கு மாற்றாகாது. சர்வரின் மின்வழங்கியே பழுதானால் யு.பி.எஸ். பயன்படாது.

6. எந்த முறையைக் கையாண்டாலும் தனியான காப்புப் பிரதி இன்றியமையாதது. தீ, வெள்ளம், திருட்டு, இடி, தவறுதலான அழிப்பு ஆகியவற்றிலிருந்து எந்த வட்டுத் தொகுதியும் காக்காது. ஒரு பிரதியேனும் வேறு கட்டடத்தில் இருக்கட்டும். ஆண்டுக்கு ஒருமுறையேனும் அதிலிருந்து சில கோப்புகளை மீட்டுப் படித்துப் பார்க்க.

வட்டு, கம்பி, அட்டை, மின்கலம் ஆகிய ஒவ்வொன்றும் என்றேனும் ஒருநாள் தவறும். தவறு நேர்ந்ததை அறிவதும், தவறிய பகுதியைத் திருத்துவதும் ஒரே கையில் இருந்தால்தான் பதிவு பிழைக்கும். அவ்விரு பொறுப்புகளையும் கோப்பமைப்பிடம் விட்டு, அதற்கும் வட்டுகளுக்கும் இடையே நிற்பவற்றைக் குறைத்துக்கொள்வதே சிக்கனமும் பாதுகாப்பும் ஒருங்கே வாய்ந்த ஏற்பாடாகும். முன்னோர் மழைமானியின் முன் நின்று நாள்தோறும் குறித்து வைத்த எண்கள் வருங்கால ஆராய்ச்சியாளர் கையில் மாறாமல் சேர்வது, இன்று சர்வர் அறையில் செய்யப்படும் இந்தச் சிறு ஏற்பாடுகளைப் பொறுத்திருக்கிறது.